சர்க்கார் கொடுத்த உடை

போன வாரம் ஏரல் சந்தையில் ஒரு காட்சி.

நானும் என் சிநேகிதன் ஆதிலிங்கமும் கத்தரிக்காய்க் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தோம். எதிர்ச்சாரியில் ஒரு ஜவுளிக் கடை. யுத்தத்தில் துணிக்குக் கண்ட்ரோல் வந்து, சர்க்கார் அளந்து கொடுப்பதைத்தான் விற்கலாம் என்று ஆன நாளிலிருந்து அந்தக் கடையில் துணியைவிட ஈ அதிகம். கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் கல்லாவில் இருந்தபடியே குரல் கொடுத்தார்.

“ஏலே ஆதிலிங்கம்! துணி கேட்டு இங்கன வந்திராத. ஸ்டாக் இல்ல. ஒனக்கென்னல கொறச்சல்? சர்க்கார் குடுத்த உடை இருக்கு. உடுத்திக்கிட்டுப் போ!”

கூடை தூக்குகிறவர்கள், வெற்றிலைக்காரி, மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்த வண்டிக்காரர் – எல்லாரும் சிரித்தார்கள். ஆதிலிங்கமும் சிரித்தான்.

“உமக்கும் ரெண்டு முழம் கொண்டாரட்டுமா அண்ணாச்சி? இடுப்புல குத்தும். பரவாயில்லையா?”

இவன் இப்படிச் சிரிப்பான் என்று போன வருஷம் யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் பக்கத்தில் உடை என்று ஒரு மரம் உண்டு. குடை விரித்த மாதிரி தலை. விரல் நீளத்துக்கு வெள்ளை முள். யாரும் நடுவதில்லை, தானாக முளைக்கும். வெட்டினால் விறகு, விட்டால் ஆட்டுக்கு நிழல். அவ்வளவுதான் அதற்கு மரியாதை. அதே எழுத்தில், அதே உச்சரிப்பில், புஸ்தகத் தமிழில் உடை என்றால் துணிமணி. பேசும்போது எங்களில் யாரும் துணியை உடை என்று சொல்வதில்லை. சர்க்கார்தான் சொல்லும்.

இந்த ஒரு வார்த்தை ஒரு ஊரையே கிளப்பிக்கொண்டு போன கதை இது.

ஆதிலிங்கமும் நானும் தூத்துக்குடி துறைமுகத்தில் உப்பு மூட்டை சுமந்தவர்கள். உப்பும் வேர்வையும் சேர்ந்தால் தோள் புண்ணாகும். அதற்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம். எண்ணெய் கிடைக்காத நாளில் தடவாமலும் இருக்கலாம். நான் ஓர் இடத்தில் தரிக்கிற ஆள் இல்லை. உப்பு அலுத்தபோது கொழும்புத் தோணியில் சோறு பொங்கப் போனேன். தோணி அலுத்தபோது வேறு என்னென்னவோ. ஆதிலிங்கம் அப்படி இல்லை. அவன் மனசில் ஒரே ஒரு ஆசைதான் – ஊரில் ஒரு தோட்டம், தோட்டத்தில் ஒரு கிணறு. ஒருநாள் மூட்டையைப் போட்டுவிட்டு ஊருக்குப் போனான். கல்யாணம் செய்துகொண்டான். கிணறும் தோண்டினான்.

ஊர் பெயர் தேரிவிளை. ஊருக்கு மேற்கே தேரி. சிவப்பு மணல் காடு. காடு என்று சொல்வது மரம் இருக்கிறது என்பதற்காக அல்ல. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியாததற்காக. மழைக்காலத்தில் அந்த மணல் ஒழுங்காகப் படுத்துக் கிடக்கும். ஆனி பிறந்து மேல்காற்று கிளம்பினால் எழுந்து உட்காரும். ஆடியில் நடக்க ஆரம்பித்துவிடும். நேற்று அங்கே இருந்த மேடு இன்றைக்கு இங்கே இருக்கும். சோற்றில் மணல், கண்ணில் மணல், பிள்ளையின் தொட்டிலில் மணல்.

போன ஆவணியில் நான் அங்கே போனபோது ஆதிலிங்கமும் அவன் மனைவி தங்கக்கனியும் கிணற்றுக்குள் நின்றார்கள். தண்ணீர் இறைக்க அல்ல. மணல் அள்ள. அவன் அள்ளிக் கொடுக்க, அவள் கூடையில் வாங்கி மேலே ஏற்றிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கத்துக் கைப்பிடிச் சுவர் மணலுக்குள் போய்விட்டது. முருங்கை மரங்கள் கழுத்துவரை புதைந்து, தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றன.

“வாங்க கொழுந்தனாரே, நல்ல சமயத்துல வந்தீய. கூடையப் பிடியுங்க” என்றாள் தங்கக்கனி. ஆதிலிங்கம் என்னைவிடச் சில மாதம் மூத்தவன். அதனால் அவள் எனக்கு மதினி.

கணக்கு சுலபமானது. அந்த வருஷக் காற்று முடிந்துவிட்டது. அடுத்த வருஷக் காற்றில் கிணறு மூடும். கிணறு மூடினால் தோட்டம் இல்லை. தோட்டம் இல்லையென்றால் ஆதிலிங்கம் மறுபடி துறைமுகத்துக்குப் போய்த் தோளைக் கொடுக்க வேண்டும்.

“போறதுன்னா இவிய மட்டும் போட்டும். நான் வரமாட்டேன்” என்றாள் மதினி. கூடையை அவள் கீழே வைக்கவே இல்லை.

தோட்டத்துக்கும் தேரிக்கும் நடுவில் ஒரு நிலம் இருக்கிறது. பலசரக்குக் கடை வைத்திருக்கிற லிங்கத்துரை அண்ணாச்சியுடையது. அதில் ஓலைப் படல் கட்டி மணலை மறிக்கலாம் என்று ஆதிலிங்கம் கேட்டுப் பார்த்தான்.

“இன்னைக்குப் படல் கட்டுவ. நாளைக்கு, அதுதான் என் எல்லைம்ப. வேண்டாம்ல” என்றார் அண்ணாச்சி. கெட்டவர் இல்லை. கடன் கேட்டால் கொடுப்பார், காய்ச்சல் என்றால் கஷாயம் அனுப்புவார். எல்லை என்றால் மட்டும் அண்ணன் தம்பி பார்க்க மாட்டார்.

“சர்க்கார்ல கேட்டுப் பாக்கலாமே” என்றேன் நான். சும்மா இருந்திருக்கலாம். சொன்னவன் கூட நடக்க வேண்டும் அல்லவா?

சர்க்கார் விவசாயிக்கு உதவி செய்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். உணவை அதிகம் விளைவியுங்கள் என்று ரயில்வே ஸ்டேஷன் சுவரில் எழுதியிருக்கிறது. தபாலாபீஸ் சுவரில் எழுதியிருக்கிறது. உதவி எந்த ஆபீஸில் கிடைக்கும் என்று மட்டும் எந்தச் சுவரிலும் எழுதவில்லை.

முதல் ஆபீஸ் காட்டிலாகா. அங்கே ஒருவர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார்.

“மணல் மேல மரம் நிக்கா?”

“இல்லய்யா. அதான கஷ்டம்.”

“மரம் நின்னாதான் நாங்க. வெறும் மணல்னா ரெவின்யூ.”

ரெவின்யூக்குப் போனோம். அங்கே ஒரு குமாஸ்தா பொறுமையாக எல்லாம் கேட்டார்.

“தேரியில கெடக்கும்போது அது சர்க்கார் மணல். ஒன் தோட்டத்துல விழுந்தா அது ஒன் மணல். நாங்க என்ன செய்ய முடியும்?”

ஆதிலிங்கம் பயந்து பயந்து கேட்டான்: “நடுவுல பறக்கும்போது யார் மணல் ஐயா?”

குமாஸ்தா யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். மேலே கூரையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். “அதுக்கு ரூல் இல்லப்பா” என்றார் கடைசியில், கொஞ்சம் வருத்தத்தோடு.

வாசலில் சுக்குக் காப்பி விற்கிறவர்தான் வழி சொன்னார். “உரம் விக்குத ஐயாவப் பாத்தீயளா? அவருக்கு இந்த மாதிரிக் கிறுக்கெல்லாம் உண்டு.”

ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குகிறவர்களுக்கு என் யோசனை இது. முதலில் வாசலில் காப்பி விற்கிறவரைக் கேளுங்கள். அப்புறம் உள்ளே போங்கள்.

உரம் விற்கிற ஐயா ஒரு விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர், அதாவது புது விவசாய முறைகளைச் செய்து காட்டுகிற சர்க்கார் உத்தியோகஸ்தர். ஊர் வாயில் அது தேய்ந்து ‘டிமாண்டு ஐயா’ ஆகியிருந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். இளவயது. உர மூட்டைகளுக்கு நடுவே ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். தேரி என்ற வார்த்தையைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

“நீங்களாவா வந்தீங்க? யாரும் அனுப்பலையா?”

“இல்லய்யா. நாங்களாத்தான் வந்தோம்.”

எங்களுக்கு அவரே ஸ்டூல் எடுத்துப் போட்டார். ஒரு சர்க்கார் ஆபீஸர் எனக்கு ஸ்டூல் போட்டது அதுதான் முதல் தடவை. உட்காரவே கூச்சமாக இருந்தது. பிறகு அவர் பேச ஆரம்பித்தார்... பாதித் தமிழ், பாதி இங்கிலீஷ். ஷெல்ட்டர் பெல்ட் என்று ஒரு ஸ்கீமாம். தேரி ஓரம் நெடுக பெல்ட் போட்டுவிட்டால் மணல் நகராதாம். எல்லாம் இனாம். ஆனால் ஒருத்தர் தோட்டத்துக்கு மட்டும் போட முடியாது. காற்று அடுத்த நிலத்து வழியாகச் சுற்றிக்கொண்டு வந்துவிடும். ஓரத்து நிலக்காரர் அத்தனை பேரும் நேரில் வந்து சம்மதம் சொல்ல வேண்டும். ஐப்பசி மழைக்குள் சொல்லவில்லையென்றால் சரக்கு வேறு தாலுகாவுக்குப் போய்விடும்.

“பெல்ட் என்ன பெல்ட் ஐயா?” என்று கேட்டேன்.

“அக்கேஷியா” என்றார்.

நாங்கள் தலையாட்டினோம். அது பெல்ட் செய்கிற கம்பெனியின் பெயர் என்று நான் நினைத்துக்கொண்டேன். நான் படித்த படிப்புக்கு அது போதும். எனக்குத் தெரிந்து பெல்ட் இரண்டு வகை. ஒன்று கப்பல் துரை இடுப்பில் இருப்பது. இன்னொன்று மில் சக்கரத்தில் ஓடுவது. இதில் எதைக் கொண்டு வந்து தேரிக்குக் கட்டப்போகிறார் என்று யோசித்துக்கொண்டே ஊர் திரும்பினோம்.

ஆதிலிங்கம் அண்ணாச்சி கடை முன்னால் நின்று விஷயத்தைச் சொன்னான். சர்க்கார் தேரிக்கு பெல்ட் போடப் போவுது, எல்லாரும் வந்து சம்மதம் சொல்லணும்...

“தேரிக்கு பெல்ட்டா!” அண்ணாச்சி கருப்பட்டி நிறுத்துக்கொண்டிருந்த தராசைக் கீழே வைத்தார். “அப்படியே ஒரு அரைஞாணும் கட்டிவிடச் சொல்லுல!”

ஊர் சிரித்தது. ஒருவரும் வரவில்லை. ஆதிலிங்கம் வீட்டுக்குப் போய்க் கூடையை எடுத்துக்கொண்டு கிணற்றில் இறங்கினான்.

ஆனால் டிமாண்டு ஐயா விடுகிற ஆள் இல்லை. புரட்டாசி கடைசியில், தானே நேரில் வருவதாகத் தலையாரி சுடலைமுத்துவிடம் சொல்லி அனுப்பினார். ஊரில் தமுக்கு அடித்து விஷயத்தைச் சொல்ல வேண்டும். இந்தத் தடவை இங்கிலீஷ் வேண்டாம், ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி நல்ல தமிழில் சொல்வோம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அக்கேஷியாவுக்குத் தமிழ் என்ன? உடை. “தேரி ஓரத்து நிலக்காரர்களுக்கு உடை நாற்று இலவசமாக வழங்கப்படும்” – இதுதான் அவர் சொல்லி அனுப்பியது.

தலையாரி அடித்தது இது:

“தேரி ஓரத்து நெலக்காரங்க அத்தன பேருக்கும் வெள்ளிக்கெழம காலையில பள்ளிக்கூடத்து முன்னால வச்சு சர்க்கார் இலவசமா உடை வழங்கும்... டும் டும் டும்...”

நாற்று எங்கே போயிற்று? பிற்பாடு கேட்டபோது சுடலைமுத்து கோபித்துக்கொண்டார். “தமுக்கும் அடிக்கணும், நடக்கவும் செய்யணும், பொறத்தால வருத நாயவும் வெரட்டணும். எம்புட்டு வார்த்தையத்தான் வாயில வச்சிருக்க?”

அன்று சாயங்காலம் அண்ணாச்சி கடை முன்னால் பெரிய விவாதம். பனையேறுகிற பால்துரை கேட்டான்.

“உடைன்னா நம்ம முள்ளுமரமாத்தான அண்ணாச்சி இருக்கும்?”

“ஏல கூறுகெட்டவனே! தானா மொளைக்குத முள்ள எவனாவது வெல வச்சு வாங்கி லாரியில ஏத்திக் கொண்டாந்து ஒனக்கு இனாமாக் குடுப்பானால? ‘வழங்கும்’ங்கான் பாரு. முள்ள வழங்குவானா? துணியத்தாம்ல வழங்குவான். எழுத்துத் தமிழ்ல துணிக்கு உடைன்னு பேரு.”

அண்ணாச்சி பத்திரிகை படிக்கிறவர். எழுத்துத் தமிழ் அவர் பொறுப்பு.

“இன்னொண்ணு கேளு. அன்னைக்கு ஆதிலிங்கம் என்னமோ பெல்ட்டுன்னு ஒளறுனாம்லா? அது ஒளறல் இல்லல. அவனுக்குச் சொல்லத் தெரியல. பெல்ட்டு, உடை. ரெண்டையும் சேத்துப் பாரு. என்ன வருது?”

பால்துரை இரண்டு விரலைச் சேர்த்துப் பார்த்தான்.

“பட்டாளத்து உடுப்புல! யுத்தம் முடிஞ்சு போச்சு. காக்கி மலையா மிஞ்சிக் கெடக்கு. என்ன செய்வான்? ஊர் ஊரா வழங்குதான்!”

அடடா... எவ்வளவு சரியாகப் பொருந்துகிறது! நானும் நம்பினேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பெல்ட் சேதியைக் கொண்டு வந்தவர்களில் நானும் ஒருவன் அல்லவா?

நீங்கள் சிரிக்கலாம். ஆனால் துணிக் கண்ட்ரோல் காலத்தில் துணி என்ற வார்த்தைக்கு இருக்கிற வலு உங்களுக்கும் தெரியும். தேரிவிளையில் பல வீடுகளில் வெளியே கட்டிக்கொண்டு போக நல்ல சேலை ஒன்றுதான். மாமியார் கடைக்குப் போனால் மருமகள் வீட்டுக்குள் இருப்பாள். மாமியார் திரும்பி வந்த பிறகு அந்தச் சேலை மருமகளோடு தண்ணீருக்குப் போகும். என் சட்டையே மாவுச் சாக்கில் தைத்ததுதான். முதுகில் கம்பெனி முத்திரை இருக்கும். துவைத்துத் துவைத்து அதுவும் மங்கிவிட்டது.

ஊரிலேயே சந்தோஷப்படாத ஆள் ஆதிலிங்கம் ஒருவன்தான்.

“மணலுக்கு வழி கேட்டா சட்டை குடுக்கானே...” என்றான். “நான் வரலை. நீங்க போங்க.”

“கெணறுதான் போச்சு, சட்டையாவது மிஞ்சட்டும். எந்திரிங்க!” என்று மதினி அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்கூடத்து முன்னால் ஊரே நின்றது. நல்ல சேலை ஒன்றுதான் என்கிற வீடுகளிலிருந்துகூட இரண்டிரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். எப்படிச் சமாளித்தார்கள் என்று நான் உற்றுப் பார்க்கவில்லை. காயல்பட்டணத்திலிருந்து தையல்கார பாய் ஒருவர் கழுத்தில் இஞ்சு டேப்போடு சைக்கிளில் வந்து இறங்கினார். பட்டாளத்து உடுப்பு பெரிய அளவில் இருக்கும், பிடித்துத் தைக்க ஆள் வேண்டாமா? சேதி எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள்!

தார்ப்பாய் போர்த்திய லாரி வந்தது. டிமாண்டு ஐயா இறங்கினார். கூட்டத்தைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

“நாலு பேர் வந்தா அதிகம்னு நினைச்சேன்...” அவருக்குக் குரல் கம்மியது. “இவ்வளவு ஆர்வமா! எல்லாருக்கும் வேணுமா?”

“எல்லாருக்கும் வேணும்!” ஊர் ஒரே குரலில் சொன்னது.

அண்ணாச்சி முன்னால் போனார்.

“ஐயா, சிறுசு பெருசு எல்லாம் இருக்கா?”

“இருக்கு. ஆனா சின்னதா வாங்கிக்கிறதுதான் நல்லது. பெரிசு இந்தப் பக்கம் தாங்காது.”

“பிள்ளைகளுக்கும் உண்டா? பிள்ளைங்க வளருமே?”

“பிள்ளைங்க நல்லா வளரும். அதுக்கு நான் பொறுப்பு” என்றார் ஐயா. அவர் ஊரில் தென்னங்கன்றைப் பிள்ளை என்பார்கள்; இங்கேயும் கன்றைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

பால்துரையின் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். “ஐயா, முன்னாலயும் பொறத்தாலயும் நல்லா மூடும்லா?”

“மேற்குப் பக்கம் மூடினாப் போதும்மா. மற்றப் பக்கமெல்லாம் திறந்து கிடக்கட்டும்.”

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“வெளுத்தா சாயம் போவுமா?” என்று அவர்களில் ஒருத்தி கேட்டாள்.

“வெளுக்கிறதா?” ஐயா முழித்தார். சர்க்கார் உத்தியோகத்தில் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லப் பழகியவர், சமாளித்துக்கொண்டார். “முதல் வருஷம் தண்ணி ஊத்துங்க. போதும். ரெண்டாம் வருஷம் உங்க இடுப்பு உயரம் வந்திடும். அப்புறம் நல்லா முள் வச்சுடும். ஒரு பயலும் கிட்ட வர முடியாது.”

“முள்ளா?”

டிரைவர் தார்ப்பாயை இழுத்தான். லாரி நிறைய ஓலைக் கொட்டான்கள். ஒவ்வொரு கொட்டானிலும் கொஞ்சம் மண், ஒரு சாண் உயரத்தில் ஒரு செடி. உடை. எங்கள் ஊர் முள்மரத்தின் குட்டி.

தலையாரி சுடலைமுத்துவை அந்தப் பக்கத்திலேயே காணவில்லை.

பிறகு பால்துரை ஆரம்பித்தான்.

“அண்ணாச்சி! பட்டாளத்து உடுப்பு வந்துட்டு! மொதல்ல நீரு மாட்டிக் காமியும்!”

“பெல்ட்ட இறுக்கிக் கெட்டும் அண்ணாச்சி, அவுந்துறப் போவுது!”

“பாய், அண்ணாச்சிக்கு அளவெடும்! முள்ளு எத்தன இஞ்சுன்னு பாரும்!”

சிரிப்பு இருக்கிறதே, அது கொஞ்ச நேரம்தான் சிரிப்பாக இருக்கும். அப்புறம் அதில் வெயில் ஏறிவிடும். வேலையை விட்டு வந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். பெண்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பினார்கள். அண்ணாச்சியின் முகம் தேரி மணல் நிறத்துக்கு வந்துவிட்டது. கடைப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். அவர் போனால் அவர் நிலம் போயிற்று. அவர் நிலம் போனால் பெல்ட்டில் நடுவில் ஓட்டை. அந்த ஓட்டைக்கு நேர் கிழக்கே ஆதிலிங்கத்தின் கிணறு.

டிமாண்டு ஐயாவுக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. கூட்டம் கலைவதைப் பார்த்தார். டிரைவர் பக்கம் திரும்பி, “லாரியைத் திருப்புப்பா” என்றார்.

நான் ஆதிலிங்கத்தைப் பார்த்தேன். பெல்ட் என்றால் மணலை மறிக்கிற மர வரிசை என்று அவனுக்கு அந்த நிமிஷம்தான் புரிந்திருக்கிறது. லாரியைப் பார்க்கிறான், அண்ணாச்சியின் முதுகைப் பார்க்கிறான், மறுபடி லாரியைப் பார்க்கிறான். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவன் அவன். துறைமுகத்தில் கூலியைப் பிடித்துக்கொண்டால்கூட அவனுக்காக இன்னொருவன்தான் பேச வேண்டும்.

“ஏல, அண்ணாச்சியப் பாத்து எதுக்குல சிரிக்கீய?” என்று ஒரு சத்தம். ஆதிலிங்கம்தான்! “அவிய சரியாத்தான சொன்னாவ! உடைன்னா உடுக்கதுதான். யாரு உடுக்கதுக்கு? தேரி அம்மணமாக் கெடக்கு. அதுக்கு உடுத்தத்தான் சர்க்கார் உடை அனுப்புதுன்னு அண்ணாச்சி என்கிட்ட அன்னைக்கே சொன்னாவ. ஒங்களுக்குத்தான் வெளங்கல!”

பச்சைப் பொய். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவன் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அண்ணாச்சி நின்றார். திரும்பினார். ஆதிலிங்கத்தை ஒரு பார்வை பார்த்தார்... அந்தப் பார்வையில் எல்லாம் இருந்தது. எல்லைப் பேச்சு இருந்தது, அரைஞாண் இருந்தது. இவன் எதற்காகச் சொல்கிறான் என்பதும் அவருக்குத் தெரியும். கடைக்காரருக்குத் தெரியாதா? போன மானம் திரும்பி வருகிறது, சரக்கு நல்ல சரக்கு. நிலத்தைத் திறந்துவிட வேண்டும், விலை கொஞ்சம் கூட. ஆனால் ஊர் முன்னால் வேறு கடை இல்லை.

“அதத்தாம்ல நானும் சொல்ல வந்தேன்” என்றார் மெதுவாக. பிறகு குரல் ஏறியது. “கடையில நின்னு ஒரு வார்த்தை சொன்னா பாதியக் கேட்டுட்டு ஓடுதானுவ! உடுப்பு மனுசனுக்கு மட்டுந்தானா? நெலத்துக்கு மானம் இல்லையால?”

திரும்பி வந்தார். லாரியின் பின்பலகையை அவரே இறக்கினார். ஒரு கொட்டானைக் கையில் எடுத்துக்கொண்டு டிமாண்டு ஐயாவிடம் சொன்னார்: “என் நெலத்துல இருந்து ஆரம்பியுங்க ஐயா.”

பால்துரைக்கு ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. “சர்க்கார் மரத்த வச்சா, நாளைக்கு நெலமும் சர்க்காருதும்பீயளா?”

“நிலமும் உங்களுது. மரமும் உங்களுது. விறகு உங்களுக்கு, காய்ஞ்சு விழுற நெத்து உங்க ஆட்டுக்கு. மரம் பெரிசாகிற வரைக்கும் வெட்டக் கூடாது, ஆடு கடிக்கக் கூடாது. அவ்வளவுதான்.”

“அத ஆட்டுக்கு யாரு சொல்லுதது?”

“நான் சொல்லுதேன்” என்றார் அண்ணாச்சி. இந்தத் தடவை ஊர் அவரோடு சேர்ந்து சிரித்தது.

கொட்டான் இறக்கிக்கொண்டிருந்தபோது மதினி புருஷன் பக்கத்தில் வந்து நின்றாள். “இம்புட்டு நல்லாப் பொய் சொல்லுவீயன்னு எனக்குத் தெரியாதே... இதுக்கு முந்தி என்கிட்ட எத்தன சொல்லியிருக்கீய?” ஆதிலிங்கம் அவசரமாக இன்னொரு கொட்டானைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

ஐப்பசியில் முதல் மழைக்கு நட்டார்கள். செடி தலையெடுக்கிற வரைக்கும் மணலை மறிக்க, தேரி ஓரம் நெடுக ஓலைப் படல் கட்டினார்கள். அண்ணாச்சி நிலத்தில்தான் படல் ரொம்ப நெருக்கம். எல்லை என்ற பேச்சே வரவில்லை. தையல்கார பாய்கூட மறுபடி ஒருநாள் வந்து, நாலு கட்டு ஓலை பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

எல்லாச் செடியும் பிழைத்தது என்று சொல்ல மாட்டேன். வெயிலில் பல போயின. அண்ணாச்சியின் பேச்சைக் கேட்காத ஆடுகளும் உண்டு. ஆனாலும் இந்த ஆடிக் காற்றில் மணல் படலோடு நின்று மேடு கட்டிக்கொண்டது. ஆதிலிங்கம் இப்போதும் காலையில் ஒரு கூடை, இரண்டு கூடை அள்ளத்தான் செய்கிறான். கிணற்றிலிருந்து அல்ல, பாத்தியிலிருந்து. கிணற்றில் தண்ணீர் இறைக்கிற துலா ஏறி இறங்குகிறது. அந்தத் தண்ணீரில் காய்த்த கத்தரிக்காயைத்தான் ஏரலில் விற்றோம்.

இப்போது வெளியூர்க்காரர் யாராவது வந்து கேட்டால், அது தாமே கொண்டு வந்த ஸ்கீம் என்று அண்ணாச்சி சொல்கிறார். ஆதிலிங்கம் பக்கத்தில் நின்று ஆமாம் போடுகிறான். டிமாண்டு ஐயாவுக்கு மாற்றல் ஆகிவிட்டது. போவதற்கு முன் என்னிடம் கேட்டார்: “எல்லாம் சரி. அன்னிக்கு ஒரு அம்மா சாயம் போகுமான்னு கேட்டாங்களே, அது என்ன?” நான் சொல்லவில்லை. ஊரின் ஆர்வத்தைப் பார்த்துக் குரல் கம்மிய மனுஷர். சந்தோஷமாகப் போகட்டுமே!

நான் அலைந்து பார்த்ததில் ஒன்று தெரிகிறது. சர்க்காரில் உதவி இல்லாமல் இல்லை. கொடுக்கத் துடிக்கிற ஆளும் எங்கேயோ ஒரு உர மூட்டைக்குப் பின்னால் இருக்கிறார். அவர் ஒரு பாஷையில் கூப்பிடுகிறார், நாம் வேறு பாஷையில் காது கொடுக்கிறோம். வேடிக்கை என்னவென்றால், இரண்டுக்கும் தமிழ் என்றுதான் பெயர்.

சந்தை முடிந்து வீட்டுக்குத் திரும்பியபோது மதினி கேட்டாள்.

“பத்திரிகையில எழுதுதீயளாமே கொழுந்தனாரே? அத சர்க்கார் படிக்குமா?”

“படிச்சாலும் படிக்கும் மதினி.”

“அப்போ எங்க ஊருக்கு உடுத்தத் துணி வேணும்னு எழுதுங்க. துணின்னே எழுதணும், ஆமா! வேற நல்ல தமிழ் எதையும் போட்டிராதீய. இன்னொரு லாரி முள்ளு எறக்க இங்கன எடமில்ல.”

எழுதிவிட்டேன் மதினி. துணி.